பின் அறைக்கும் லைன் போகட்டும்: வீட்டு வை-ஃபையும் மெஷ் பெட்டிகளும்



ரெம்பாவ், செம்போங், பெடாஸ் பக்கத்தில் நம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனால் காதில் விழும் புகார் ஒன்றுதான். "அண்ணே, ஹால்ல லைன் நல்லா இருக்கு, பின்னால ரூம்ல வரமாட்டேங்குது." எஸ்.பி.எம். எழுதப் போகும் பிள்ளை ஹாலில் டிவி ஓடும்போது படிக்க முடியாது. அறைக்குப் போனால் வகுப்பு அறுந்து போகிறது. கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு வாசல் அஞ்சடியில் கொசுக்கடியில் நாற்காலி போட்டு உட்காருகிறது. பெண் பிள்ளை என்றால் அதுவும் கிடையாது. "உள்ள வா, போதும்" என்று அம்மா கூப்பிட்டுவிடுவார். மாதாமாதம் இணையக் கட்டணம் கட்டியும் படிப்பு நடப்பது கைப்பேசியின் டேட்டாவில்தான்.

இப்போது கடைகளில் இதற்கு ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: மெஷ் வாங்குங்கள், மூன்று பெட்டி செட். சில நூறு ரிங்கிட். தோட்டத்தில் சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை. சில வீடுகளுக்கு அது உண்மையிலேயே தேவை. நான் பார்த்த பல வீடுகளில் தேவைப்பட்டது பத்து மீட்டர் கேபிள் மட்டும். எந்த வீட்டுக்கு எது என்று பார்த்துச் சொல்ல நம் கிளை இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

'லைன்' என்ற ஒரு சொல், இரண்டு விஷயம்

நம் பேச்சில் எல்லாமே 'லைன்'தான். தெருக்கம்பத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை வரும் ஃபைபர் இணைப்பும் லைன், ரௌட்டரிலிருந்து கைப்பேசிக்குப் பறந்து வரும் அலையும் லைன். முதலாவது நிறுவனத்தின் பொறுப்பு, இரண்டாவது நம் வீட்டின் பொறுப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பெட்டி வாங்குவது, குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்குப் புது வாளி வாங்குவது மாதிரி.

பிரிப்பது சுலபம். மடிக்கணினியை ரௌட்டரில் நேராகக் கேபிள் போட்டு வேகத்தைச் சோதியுங்கள். கேபிள் இல்லையென்றால் ரௌட்டருக்கு இரண்டடி தள்ளி நின்று கைப்பேசியில் சோதியுங்கள். 100 மெகாபிட் திட்டத்துக்குக் காசு கட்டி, அங்கேயே 8 அல்லது 10 வந்தால் கோளாறு வெளியே இருக்கிறது, அல்லது ரௌட்டரே பழசாகிவிட்டது. மெஷ் அதைச் சரி பண்ணாது. மெதுவான லைனை வீடு முழுக்க மெதுவாகப் பரப்பும், அவ்வளவுதான். அந்த இடத்தில் 90-க்கு மேல் வந்து, பின் அறையில் 3 வந்தால்தான் நாம் பேசப் போகும் பிரச்சினை. இந்தச் சோதனையை இரவு எட்டரைக்கு ஒரு முறை, காலையில் ஒரு முறை செய்யுங்கள். எல்லாரும் படம் பார்க்கும் நேரத்தில் வரும் எண் வேறு.

சுவர் என்ன செய்கிறது

வை-ஃபை என்பது ரேடியோ அலை. வீடுகளில் இரண்டு அலைவரிசைகள் புழக்கத்தில் உள்ளன: 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ். முதலாவதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், இரண்டாவது அதில் பாதிக்கும் குறைவு. 2.4 சுவரைத் தாண்டி ஓரளவு போகும். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதிலேயே நெருக்கியடிக்கும். 5 வேகமானது, சுவர் பட்டால் சீக்கிரம் களைத்துவிடும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய 2.45-ல்தான் வேலை செய்கிறது. சாதம் சூடு பண்ணும் இரண்டு நிமிடம் தம்பியின் வீடியோ நின்று போவதற்கு இதுதான் காரணம். பேய் பிசாசு இல்லை.

அலையின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வை-ஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இறக்கினால் எண்ணாகவே காட்டும். எண் எப்போதும் மைனஸில் இருக்கும். கடன் கணக்கு மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள்: கடன் குறையக் குறைய நல்லது. ரௌட்டர் பக்கத்தில் -35. -50 மிக நன்று. வீடியோ வகுப்பு தடங்கலில்லாமல் ஓட -67 அளவாவது வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. -80-க்குக் கீழே போனால் 'கனெக்டட்' என்று காட்டும், ஒன்றும் திறக்காது. 3 டெசிபல் இறங்கினால் பலம் பாதி. 10 இறங்கினால் பத்தில் ஒன்று. இதை மறக்காதீர்கள். -60-க்கும் -70-க்கும் வித்தியாசம் 'கொஞ்சம்' இல்லை, பத்து மடங்கு.

இனி ரெம்பாவ் தாமானில் ஓர் ஒரு மாடி வரிசை வீட்டை எடுத்துக் கொள்வோம். 22 அடி அகலம், 75 அடி நீளம். ஃபைபர் முன் ஹாலில் நுழைகிறது. பின்னால் வீட்டுக்காரர் சமையலறையை நீட்டிக் கட்டி, ஓர் அறையும் போட்டிருக்கிறார். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: நீட்டிக் கட்டும்போது பழைய வெளிச்சுவர் அப்படியே நடுவில் நின்றுவிடுகிறது. பிள்ளையின் மேசை ரௌட்டரிலிருந்து 16 மீட்டர், நடுவில் மூன்று செங்கல் சுவர்.

கணக்குப் போடுவோம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் -35 என்றால், 2 மீட்டரில் -41, 4-ல் -47, 8-ல் -53, 16-ல் -59. இதுவரை பரவாயில்லை. சுவர்தான் கொல்கிறது. 2.4 அலைக்கு ஒரு செங்கல் சுவருக்குத் தோராயமாக 8 டெசிபல் என்று வைத்தால், மூன்று சுவருக்கு 24. மொத்தம் -83. முடிந்தது கதை. 5 ஜிகாஹெர்ட்ஸில் இன்னும் மோசம்.

இது தாளில் போடும் கணக்கு. நிஜ வீட்டில் அலை கதவு வழியாக நழுவும், சுவரில் பட்டுத் திரும்பும், இரும்பு அலமாரியில் மோதி வேறு பக்கம் போகும். அதனால் எண் மேலும் கீழும் ஆகும். ஆனால் தூரமா சுவரா, எது பெரிய எதிரி என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

பலகை வீடாக இருந்தால் கதையே வேறு. ரெம்பாவ் கம்பங்களில் இன்னும் நிற்கும் பழைய மினாங்காபாவ் பாணி மர வீடுகளில் ஒரே ரௌட்டர் வீடு முழுக்கத் தாராளமாகப் போகும். மரப்பலகை செங்கல்லின் பாதியளவுகூடத் தடுக்காது. நேர்மாறாக நம் பழைய லயத்து வீடுகளில் பக்கத்துக்கு ஜிங்க் தகடு அடித்திருப்பார்கள். தகரம் அலையை உள்ளே விடாது, கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிவிடும். 'லயத்துல லைன் இல்ல' என்பதற்குக் கோபுரம் தூரம் என்பது பாதிக் காரணம். தகரம் மீதிக் காரணம்.

சுவரில் பட்டுத் திரும்பும் அலை

இந்தத் திருப்பம் ஒரு காலத்தில் வை-ஃபைக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. ஒரே செய்தி நேராக ஒரு தடவை, சுவரில் பட்டு இரண்டாவது தடவை, கூரையில் பட்டு மூன்றாவது தடவை என்று முன்பின்னாக வந்து சேர்ந்தால், மண்டபத்தில் எதிரொலிக்கும் ஒலிபெருக்கி மாதிரி எதுவும் புரியாது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், ஓ'சல்லிவன் அதற்கு முன்னால் தேடிக்கொண்டிருந்தது கருந்துளைகள் வெடிக்கும்போது வரக்கூடிய ரேடியோ அலையை. அது கிடைக்கவில்லை. அந்தத் தேடலில் பழகிய கணிதம் இங்கே உதவியது. 1997-ல் 802.11 என்ற தரநிலை வந்தது. 'வை-ஃபை' என்ற பெயர் 1999-ல் ஒரு பிராண்ட் ஆலோசனை நிறுவனம் வைத்தது.

முதலில் காசில்லாத வேலை

பெட்டி வாங்குவதற்கு முன் ரௌட்டரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பத்தில் ஆறேழு வீட்டில் டிவி அலமாரிக்குள், ஆஸ்ட்ரோ பெட்டிக்குப் பின்னால், கம்பிச் சுருளோடு கிடக்கும். "பார்க்க அசிங்கமா இருக்கு தம்பி, அதான் உள்ள வச்சேன்" என்பார் ஆண்ட்டி. டிவி என்பது ஒரு பெரிய உலோகப் பலகை. அதற்குப் பின்னால் ஒளித்து வைத்தால் அலை எப்படி வரும்? தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், வீட்டின் நடுப்பகுதிக்கு நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள். மீன் தொட்டி, பெரிய கண்ணாடி, இரும்பு பீரோ பக்கத்தில் வேண்டாம். தண்ணீர் அலையை விழுங்கும், உலோகம் திருப்பும்.

சில வீடுகளில் உயரமான இடம் என்று சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். பக்தியில் குறை சொல்லவில்லை. ஆனால் விளக்கின் சூடும் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பெட்டியின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும், பக்கத்தில் கம்பி ஒயர்கள் தீபத்துக்கு அருகே தொங்குவது ஆபத்து. சாமியை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

"ஃபைபர் முன்னாலதானே வருது, ரௌட்டரை எப்படி நடுவுக்குக் கொண்டு போறது?" என்று கேட்பார்கள். பல வீடுகளில் இரண்டு பெட்டி இருக்கும்: ஃபைபர் வந்து நுழையும் சின்னப் பெட்டி ஒன்று, வை-ஃபை கொடுக்கும் ரௌட்டர் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சாதாரண நெட்வொர்க் கேபிள். அந்தக் கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். ஃபைபரைத் தொடாமல், கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளை 10 மீட்டர் வாங்கிச் சுவர் ஓரமாக ஓட்டி, ரௌட்டரை மட்டும் நடுவுக்கு நகர்த்தினால் போதும். ஃபைபர் இழையை நீங்களே மடக்கவோ இழுக்கவோ கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி. ஒடிந்தால் டெக்னிஷியன் வரும் வரை வீட்டுக்கே லைன் இருக்காது.

மேலே சொன்ன வீட்டில் ரௌட்டரை 8 மீட்டர் உள்ளே நகர்த்தினால், பின் அறைக்கு 8 மீட்டரும் இரண்டு சுவரும்தான். -53, மைனஸ் 16, -69. நாம் வைத்த -67 கோட்டுக்கு ஒரு முடி கீழே. கதவு திறந்திருந்தால் மேலே. பெரும்பாலும் வகுப்பு ஓடிவிடும். செலவு ஒரு கேபிள்.

ரிப்பீட்டர், ஆக்சஸ் பாயிண்ட், மெஷ்

நகர்த்தியும் போதவில்லை, அல்லது மாடி வீடு, அல்லது இரண்டு குடும்பம் சேர்ந்து வாழும் பெரிய வீடு. அப்போது இரண்டாவது பெட்டி தேவை. மூன்று வகை உண்டு.

ரிப்பீட்டர் மலிவானது, சுவர் பிளக்கில் சொருகுவது. ரௌட்டர் சொல்வதைக் கேட்டு மறுபடி சொல்லும். ஒரே அலைவரிசையில் கேட்கவும் வேண்டும் பேசவும் வேண்டும் என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கடைக்காரர்கள் இதைப் பெரிய பாவம் மாதிரி சொல்லி மெஷ் விற்பார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அந்த இடத்தில் 60 மெகாபிட் வந்து அது பாதியாகி 30 ஆனாலும், ஒரு தெளிவான வீடியோ வகுப்புக்கு 3, 4 மெகாபிட் போதும். ஒரு பிள்ளை, ஓர் அறை, ஒரு மேசை என்றால் ரிப்பீட்டரே போதும் என்பது என் கருத்து. அதன் உண்மையான தொல்லை வேறு: பெரும்பாலும் தனிப் பெயரில் இன்னொரு வை-ஃபை உருவாகும். ஹாலுக்கும் அறைக்கும் நடக்கும்போது கைப்பேசி பழையதையே பிடித்துக்கொண்டு விடாது.

ஆக்சஸ் பாயிண்ட் என்பது ரௌட்டரிலிருந்து கேபிள் இழுத்து, மறுமுனையில் வைக்கும் வை-ஃபை பெட்டி. வேகம் குறையாது. பழைய ரௌட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதையே ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிக் கொள்ளலாம்.

மெஷ் என்றால் வலைக்கண். பல பெட்டிகள், ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். பெட்டிகள் தங்களுக்குள் பேசி, செய்தி எந்த வழியாகப் போனால் நல்லது என்று முடிவு செய்யும். ஒன்று அணைந்தால் மற்றது வழி மாற்றிக்கொள்ளும். 2011-ல் 802.11எஸ் என்ற தரநிலை இதற்காகவே வந்தது. வீட்டுக்கான மெஷ் பெட்டிகளை 2016-ல் அமெரிக்காவில் ஈரோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு கூகளும் இறங்கியது. அதன் பிறகுதான் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்தது.

பெட்டிகள் தங்களுக்குள் பேசும் பாதையை 'பேக்ஹால்' என்பார்கள். டூவல்-பேண்ட் மெஷ்ஷில் அந்தப் பேச்சும் உங்கள் கைப்பேசியின் பேச்சும் ஒரே பாதையைப் பங்கு போடும். ஆக அதிலும் ரிப்பீட்டர் மாதிரி வேகம் குறையும். ட்ரை-பேண்ட் வகையில் பெட்டிகளுக்கென்று தனிப் பாதை உண்டு, விலையும் கூட. இரண்டையும்விட நல்லது, மெஷ் பெட்டிகளுக்கு நடுவே கேபிள் போட்டுவிடுவது. வீடு கட்டுகிறவர்கள், புதுப்பிக்கிறவர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லி வையுங்கள்: சுவருக்குள் மின்சார ஒயர் போடும்போது ஒவ்வோர் அறைக்கும் தனிக் குழாயில் ஒரு நெட்வொர்க் கேபிளையும் போட்டுவிடட்டும். பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனசு வராது.

பெட்டியை எங்கே வைப்பது

காசு கொடுத்து மெஷ் வாங்கியும் "ஒண்ணும் மாறல" என்று சொல்கிற வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இரண்டாவது பெட்டி இருக்கும் இடத்தை. லைன் வராத அறைக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அங்கேதானே தேவை என்ற நியாயம். ஆனால் கைப்பேசிக்கே -83 வரும் இடத்தில் அந்தப் பெட்டிக்கும் அதே கதிதான். கைப்பேசி அந்தப் பெட்டியோடு அழகாக -40-ல் பேசும், முழுக் கோடும் காட்டும். பெட்டிக்கு ரௌட்டரோடு பேச வழியில்லை. காது கேளாதவரிடம் செய்தி சொல்லி அனுப்பியது போல.

பாதி வழியில் வையுங்கள். ரௌட்டரின் அலை இன்னும் -60, -65 அளவில் உயிரோடு இருக்கும் இடம். நம் வீட்டில் அது 8 மீட்டரில், முதல் சுவரைத் தாண்டியதும்: -53, மைனஸ் 8, -61. அங்கே நடைபாதை மூலையில், சமையலறைக் கதவைப் பார்த்த மாதிரி, உயரத்தில். அந்தக் கணக்குப்படி பெரும்பாலான தாமான் வீட்டுக்கு இரண்டு பெட்டி போதும். மூன்றாவது பெட்டி வேண்டும் என்று யாராவது சொன்னால் செயலியில் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பெட்டி கூடினால் அவற்றுக்குள்ளேயே பேச்சும் நெரிசலும் கூடும். மாடி வீட்டில் படிக்கட்டு ஓரம் நல்ல இடம்; கான்கிரீட் தளத்தைத் துளைப்பதைவிடப் படிக்கட்டு வழியாக ஏறுவது அலைக்குச் சுலபம்.

இன்னொரு தவறான நம்பிக்கை: மெஷ் வாங்கினால் கைப்பேசி தானாகவே சிறந்த பெட்டிக்கு மாறும் என்பது. மாறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் கைப்பேசிதான். 802.11கே, வி என்ற வசதிகள் "பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, அங்கே போ" என்று யோசனை சொல்லும். ஆர் வசதி மாறும் நேரத்தைக் குறைக்கும். பழைய கைப்பேசி இதை எல்லாம் காதில் வாங்காது. அப்படிப்பட்ட கைப்பேசிக்கு வை-ஃபையை ஒரு தடவை அணைத்துப் போடுவதே வைத்தியம்.

பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிறுவனம் கொடுத்த ரௌட்டருக்குப் பின்னால் மெஷ்ஷையும் 'ரௌட்டர்' முறையில் போட்டால், வீட்டுக்குள் இரண்டு தலைமை வந்துவிடும். பிரிண்டர் காணாமல் போகும், சில விளையாட்டுகள், சிசிடிவி கேமரா வேலை செய்யாது. மெஷ் செயலியில் 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையைத் தேர்ந்தெடுத்து, பழைய ரௌட்டரின் வை-ஃபையை அணைத்துவிடுங்கள். பெட்டிகள் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். வெவ்வேறு தயாரிப்புகள் சேர்ந்து இயங்க ஈசிமெஷ் என்ற சான்று 2018-ல் வந்தது. இருந்தாலும் நடைமுறையில் ஒரே குடும்பத்துப் பெட்டிகள்தான் சண்டையில்லாமல் போகின்றன. ஆட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். விருந்தினருக்குத் தனியாக 'கெஸ்ட்' வை-ஃபை வையுங்கள். திருவிழாக் காலத்தில் வீட்டுக்கு வருகிற இருபது பேருக்கும் அசல் கடவுச்சொல் போக வேண்டியதில்லை. வை-ஃபை 7 என்று புதுசாக வருவதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் சேரும் 6 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் இன்னும் வேகமாகத் தேய்ந்துபோகும். நம் பிரச்சினையே சுவர்.

தோட்டத்துக்குள்: ஃபைபர் வராத இடம்

ஃபைபர் பெரிய சாலையோடு நின்றுவிடுகிற தோட்டங்கள் உண்டு. அங்கே சிம் போடும் 4ஜி அல்லது 5ஜி ரௌட்டர்தான் கதி. இங்கே விதி கொஞ்சம் மாறுகிறது: ரௌட்டரை வீட்டின் நடுவில் வைக்காதீர்கள். கோபுரம் இருக்கும் திசை ஜன்னலில், முடிந்தவரை உயரத்தில், தகரத்துக்கு மறைவில்லாமல் வையுங்கள். வீட்டுக்குள் பரப்பும் வேலையை இரண்டாவது பெட்டிக்கு விடுங்கள். இப்படிப்பட்ட வீட்டில்தான் இரண்டு பெட்டி மெஷ் அதன் காசுக்குத் தகுதியானது.

உயரம் என்பது விளையாட்டில்லை. 2020 ஜூனில் சபா, பித்தாஸில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தில் ஏறி ஓர் இரவு தங்கியதை நாடே பார்த்தது. செம்பனை ஓலையும் ரப்பர் இலையும் நீர் நிறைந்தவை. மழை விட்டு இலை நனைந்திருக்கும்போது அலை இன்னும் கம்மியாகும். அவற்றுக்கு மேலே போனால் பார்வை திறக்கும்.

பார்வை திறந்தால் வை-ஃபை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் ஒரு கிளை உண்டு. 2000-களின் நடுவில், கலிஃபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழுவினர் தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரத்துக் கிராமப்புறக் கண் மையங்களையும் சாதாரண வை-ஃபை அட்டைகளால் இணைத்தார்கள். ஒரு திசையை மட்டும் நோக்கும் ஆன்டெனா, உயரமான கம்பம், நடுவில் மறைப்பு இல்லாத நேர்ப் பார்வை. கிலோமீட்டர் கணக்கில் எட்டியது. கிராமத்து மையத்தில் உட்கார்ந்த நோயாளியைத் தேனியிலிருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்தார். மென்பொருளையும் மாற்ற வேண்டியிருந்தது. வை-ஃபையில் ஒவ்வொரு செய்திக்கும் 'கிடைத்தது' என்ற பதில் சட்டென்று வர வேண்டும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும்; பெட்டி செய்தி தொலைந்ததாக நினைத்து மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். அதை அவர்கள் மாற்றி எழுதினார்கள்.

அந்தக் குழு பிறகு எழுதியவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது இது: கருவிகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு கிராமத்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு. நமக்கு அது இடி.

இடி மின்னல்

உலகில் இடி மின்னல் அதிகமுள்ள பகுதிகளில் மலேசியாவும் ஒன்று. மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்தால் நெகிரி செம்பிலான்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்சாரம் கடத்தாது. ஆனால் ரௌட்டரின் மின் இணைப்பு வழியாகவும், வீடுகளுக்கு நடுவே வெளியில் தொங்கவிடும் செம்பு நெட்வொர்க் கேபிள் வழியாகவும் வரும். "தம்பி வீட்டுக்கும் அண்ணன் வீட்டுக்கும் ஒரு கேபிள் இழுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு மின்னல் இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் சேர்த்து எரிக்கும், கையில் மடிக்கணினி வைத்திருப்பவருக்கும் ஆபத்து. வீட்டுக்கு வெளியே கடக்க வேண்டியிருந்தால் அலையாகவே கடக்கட்டும். மழை வரும் போலிருந்தால் பிளக்கை எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

பக்கத்து வீடுகளோடு லைனைப் பங்கு போடுவது பற்றியும் கேட்கிறார்கள். லயத்தில் நாலு வீடு சேர்ந்து காசு போட்டால் சுமை குறையும் என்பது புரிகிறது. ஆனால் சந்தா ஒப்பந்தத்தில் பெரும்பாலும் அதற்கு இடம் இருக்காது, காசு வாங்கிக்கொண்டு இணையம் கொடுப்பது சட்டப்படி உரிமம் தேவைப்படும் தொழில். அந்த லைனில் யாராவது தப்பாக ஏதாவது செய்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது பெயர் கொடுத்தவர். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து நம் ஹாலில் உட்கார்ந்து படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

கிளைக்கான பயிற்சி

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக் கொண்டு வாருங்கள். சுவர் எது, பலகை எது, தகரம் எது என்று குறியுங்கள். ரௌட்டர் பக்கம், ஹால் கோடி, நடைபாதை, சமையலறை, படிக்கும் மேசை என்று ஐந்து இடத்தில் டிபிஎம் எண்ணையும் வேகத்தையும் எழுதுங்கள். கதவைத் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை. ஐஃபோன் வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைச் சுலபமாகப் பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் நண்பரைக் கூட்டிக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் பார்த்து, நகர்த்தினால் போதுமா, கேபிளா, ரிப்பீட்டரா, மெஷ்ஷா என்று நீங்களே முதலில் முடிவு சொல்லுங்கள். பிறகு எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து வரிசையாகத் தொடங்குவோம். போகும்போது இரண்டு பேராகப் போங்கள், அந்த வீட்டுப் பெரியவர்கள் இருக்கும் நேரத்தில் போங்கள். கடவுச்சொல்லை அவர்களே தட்டச்சு செய்யட்டும். நாம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டாம்.